நீச்சல் குளத்து பம்பு போட்டால் பிரேக்கர் விழுகிறதா? மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் தோட்ட வீடுகளில் சின்னதாக ஒரு நீச்சல் குளம் கட்டுவது இப்போது சகஜமாகிவிட்டது. கட்டிக் கொடுப்பவர்கள் தண்ணீர் நிரப்பி, பம்பை ஓட்டிக் காட்டி, மிச்சப் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தொல்லை ஆரம்பிப்பது முதல் ஐப்பசி மழையில்தான். பம்பு சுவிட்சைப் போட்டால் வீடே இருட்டு. சில நாள் பம்பே ஓடாத நேரத்திலும் இருட்டு.

எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க இதே பாடு. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வசனம்தான் சொன்னார்கள்: “பிரேக்கர் வீக் ஆயிடுச்சுங்க, மாத்திடலாம்.” மாற்றியதும் விழுந்தது. பிரேக்கரே கெட்டுப்போவது உண்டு, ஆனால் அபூர்வம். அளந்து பார்க்காமல் எதையும் மாற்ற விடாதீர்கள். எந்த வரிசையில் பார்ப்பது, யாரிடம் என்ன கேட்பது, எவ்வளவு ஆகும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். வெளியில் நின்று பார்ப்பது, குறிப்பது, சுவிட்ச் போட்டு அணைப்பது இவை மட்டும் உங்கள் வேலை. மூடியைத் திறந்து கம்பியைத் தொடும் வேலை எல்லாம் தகுதிச் சான்று உள்ள ஒயர்மேனுக்கு.

1. காரணம் தெரியும் வரை யாரும் குளத்தில் இறங்கக் கூடாது

“சும்மா சும்மா விழுது” என்று நாம் சொல்வதில் பாதி சும்மா விழுவதில்லை. எங்கோ உண்மையாகவே கசிகிறது. குழந்தைகள் கேட்டால்கூட அசையாதீர்கள். தண்ணீரிலோ, ஏணிக் கம்பியைப் பிடிக்கும்போதோ சுருக்கென்று இருந்ததாக யாராவது சொன்னால் உடனே மெயினை அணையுங்கள். அணைத்த பிறகுதான் மற்றவர்களை வெளியே வரச் சொல்ல வேண்டும், அதுவும் இரும்பு ஏணியைத் தொடாமல்.

2. விழுந்தது எது?

வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பாக்ஸில் இரண்டு வகை பிரேக்கர் இருக்கும். எம்சிபி என்பது கரண்ட் அளவுக்கு மேல் போனால் விழும். ஆர்சிசிபி என்பது போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமாக இல்லாவிட்டால் விழும். ஆர்சிசிபியில் “டெஸ்ட்” என்று சின்ன பட்டன் இருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம். இரண்டும் சேர்ந்த ஆர்சிபிஓ என்ற வகையிலும் அந்த பட்டன் உண்டு. அது போட்டிருந்தால் காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

எம்சிபி விழுந்தால் ஷார்ட், ஓவர்லோடு, மோட்டார் இறுகுவது, வோல்டேஜ் குறைவது என்று ஒரு பக்கம் போக வேண்டும். நேராக 8-ஆம் படிக்குப் போங்கள். ஆர்சிசிபி விழுந்தால் ஈரம், எர்த், நியூட்ரல் என்று வேறு பக்கம். இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காததால்தான் பாதி பேர் மாதக்கணக்கில் சுற்றுகிறார்கள்.

ஆர்சிசிபியின் முகத்தில் 30 மில்லி ஆம்பியர் அல்லது 0.03 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். 30 என்றால் சரியாக 30-இல் விழும் என்று நினைக்க வேண்டாம். தர விதிப்படி பாதிக்கும் முழு அளவுக்கும் இடையில், அதாவது 15-லிருந்து 30-க்குள் எங்கே வேண்டுமானாலும் விழலாம். உங்கள் பிரேக்கர் 20-இல் விழுந்தால் அது பழுது இல்லை.

3. எப்போது விழுகிறது என்று எழுதுங்கள்

டிபி பாக்ஸ் கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டி, பேனாவையும் கட்டிவிடுங்கள். தேதி, நேரம், மழையா வெயிலா, அப்போது என்னென்ன ஓடியது. ஒரு வாரத்துக் குறிப்பு போதும், எலக்ட்ரீஷியனின் அரை நாள் வேலை மிச்சம்.

சுவிட்ச் போட்ட அந்த நொடியே ஆர்சிசிபி விழுந்தால் மோட்டாரிலோ அதன் கேபிளிலோ இன்சுலேஷன் போயிருக்கும். கொஞ்ச நேரம் ஓடிச் சூடான பிறகு விழுந்தால் காயிலில் பழுது, அல்லது சீல் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. மழை பெய்த மறுநாள் மட்டும் விழுந்தால் தரைக்குள் இருக்கும் ஜாயிண்ட், ஜங்ஷன் பாக்ஸ். இடி இடிக்கும்போது மட்டும் விழுந்து, தூக்கிவிட்டால் நிற்கிறது என்றால் அதுதான் உண்மையில் சும்மா விழுவது. சித்திரை, வைகாசி இடிமழையில் நம் பக்கம் இது சாதாரணம். மாலை ஏழு மணிக்கு எம்சிபி விழுகிறது, காலையில் விழுவதில்லை என்றால் வோல்டேஜ்.

4. கையில் இருக்க வேண்டியவை

எலக்ட்ரீஷியன் வருவதற்கு முன்பே போனில் படம் எடுத்து வையுங்கள்: பம்பு மோட்டாரின் பெயர்த்தகடு (எச்பி, ஆம்பியர் தெரியும்படி), ஆர்சிசிபி, எம்சிபி முகப்புகள், டிபி பாக்ஸின் உட்புறம். குளம் கட்டியவரிடம் ஒயரிங் வரைபடம் கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது, குறைந்தபட்சம் எந்தப் பைப் எந்த வழியாகப் போகிறது என்று தாளில் போட்டுத் தரச் சொல்லுங்கள். கான்கிரீட் போடுவதற்கு முன் எடுத்த போட்டோ யாரிடமாவது இருந்தால் அது தங்கம். பம்பு, விளக்கு இவற்றின் பில், வாரண்டி அட்டை. கடைசியாக ஈபி பில்: சர்வீஸ் எண், டாரிஃப் (கட்டண வகை), அனுமதித்த மின்பளு மூன்றும் தேவைப்படும்.

வாரண்டி இருக்கும் மோட்டாரை உள்ளூர்க் கடையில் பிரித்தால் வாரண்டி போய்விடும். முதலில் நிறுவனத்துக்குப் புகார் எண் போடுங்கள்.

5. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், நியூட்ரலையும் சேர்த்து

பொதுவான முறை எல்லோருக்கும் தெரியும். எல்லா எம்சிபியையும் இறக்கு, ஆர்சிசிபியைத் தூக்கு, பிறகு ஒவ்வொன்றாகப் போடு, எதைப் போட்டதும் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. பாதி நேரம் இது வேலை செய்யும். மீதி நேரம் நம்மை முட்டாளாக்கும்.

ஏனென்றால் வீட்டு எம்சிபி பெரும்பாலும் ஒற்றைக் கம்பியை, அதாவது பேஸை மட்டும்தான் துண்டிக்கும். கரண்ட் திரும்பி வரும் நியூட்ரல் கம்பி அப்படியே இணைந்திருக்கும். குளத்து லைனில் நியூட்ரல் கம்பி எங்காவது ஈரத்தில் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், குளத்து எம்சிபி அணைந்திருந்தாலும் ஆர்சிசிபி விழும். அதுவும் வீட்டில் வேறு ஏதாவது லோடு ஓடும்போது விழும். நியூட்ரலில் திரும்பும் கரண்டில் ஒரு பங்கு அந்த ஈரம் வழியே மண்ணுக்குள் போய்விடுவதால் கணக்கு உதைக்கும்.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். அடுப்படியில் கிரைண்டர் போட்டால் ஆர்சிசிபி விழும். எல்லோரும் கிரைண்டரைத் திட்டினோம். குளத்து எம்சிபி அணைந்தே இருந்ததால் குளத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கடைசியில் வந்த ஒயர்மேன் அண்ணன் மெயினை அணைத்து, டிபி பாக்ஸில் நியூட்ரல் கட்டையிலிருந்து குளத்து நியூட்ரல்களைக் கழற்றித் தனியே நிறுத்திவிட்டு, “இப்பப் போடுங்க” என்றார். கிரைண்டர் ஓடியது, ஆர்சிசிபி நின்றது. குளத்து ஓரம் கல் பதித்த தரைக்குக் கீழே இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால் பாதி தண்ணீர். உள்ளே கம்பிகளை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தார்கள். டேப் பிரிந்து, செம்பு பச்சை பிடித்து, பாக்ஸுக்குள் எறும்புப் புற்று மண் வேறு.

ஆகவே எலக்ட்ரீஷியனிடம் கறாராகச் சொல்லுங்கள்: “எம்சிபி மட்டும் இல்லைங்க, நியூட்ரலையும் கழற்றிட்டுப் பாருங்க.” அவர் புருவத்தைத் தூக்கினால் வேறு ஆளைப் பார்க்கலாம்.

இதே குடும்பத்தில் இன்னொரு தொல்லை உண்டு. குளத்து விளக்கின் நியூட்ரலை வேறொரு ஆர்சிசிபியின் நியூட்ரலோடு சேர்த்திருப்பார்கள், அல்லது இன்வெர்ட்டர் லைன் நியூட்ரலோடு. அப்படி இருந்தால் விளக்கைப் போட்ட மறு நொடியே விழும், எங்கேயும் கசிவே இருக்காது. வீட்டுக்கு இன்வெர்ட்டர் மாட்டிய பிறகு தொல்லை ஆரம்பித்திருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

6. மெக்கர் வைத்து அளப்பது

சந்தேகம் எந்த லைன் என்று தெரிந்ததும், 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷன் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று ஓமில் காட்டும் கருவி) கேபிளையும் மோட்டாரையும் தனித்தனியாக அளக்க வேண்டும். 1 மெகா ஓம் என்பது குறைந்தபட்சம்; நல்ல மோட்டார் அதைவிடப் பல மடங்கு காட்டும். ஒரு சின்ன கணக்கு: 230 வோல்ட்டில் 15 மில்லி ஆம்பியர் கசிய வேண்டுமானால் இன்சுலேஷன் சுமார் 15 கிலோ ஓம் வரை இறங்கியிருக்க வேண்டும். அதாவது ஆர்சிசிபி விழும் நிலைக்கு ஒரு மோட்டார் வந்துவிட்டது என்றால் அது ரொம்பவே நனைந்திருக்கிறது.

மெக்கர் போடும் முன் டைமர், எல்இடி டிரைவர், வேகக் கட்டுப்பாட்டு டிரைவ், சர்ஜ் தடுப்பான் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அவற்றில் 500 வோல்ட் ஏறினால் புதுச் செலவு.

எலக்ட்ரீஷியனிடம் மெக்கர் இல்லையா? நம் மாவட்டங்களில் அதற்குக் கவலையே வேண்டாம். போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது, பல கடைகளில் மெக்கரும் இருக்கும். அளவு எவ்வளவு காட்டியது என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

7. வழக்கமாகக் கசியும் இடங்கள்

பம்பு. மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவில் மெக்கானிக்கல் சீல் இருக்கும். அது தேய்ந்தால் தண்ணீர் தண்டு வழியே பேரிங்குக்கும், அங்கிருந்து காயிலுக்கும் போகும். பம்புக்குக் கீழே ஈரத் தடமோ வெள்ளைப் படிவமோ தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நம் போர்வெல் தண்ணீர் கடினம் என்பதால் சொட்டிக் காய்ந்த இடம் வெள்ளையாகக் காட்டிக்கொடுத்துவிடும். சீலை மாற்றாமல் காயில் மட்டும் கட்டினால் அடுத்த மழைக்குள் மறுபடியும் கடைக்குப் போக வேண்டியிருக்கும். மோட்டார் டெர்மினல் மூடியில் கேபிள் நுழையும் இடத்தில், கேபிளை இறுக்கிப் பிடித்து இடைவெளியை அடைக்கும் கிளாண்ட் இல்லாமல் ஓட்டை மட்டும் விட்டிருப்பார்கள். பல்லி, எறும்பு, சாரல் மூன்றுக்கும் அதுதான் வாசல்.

தண்ணீருக்குள் இருக்கும் விளக்கு. இது 12 வோல்ட் விளக்காகத்தான் இருக்க வேண்டும், டிரான்ஸ்ஃபார்மர் குளத்தை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். 230 வோல்ட் நேராகத் தண்ணீருக்குள் போகிறது என்று தெரிந்தால் டிரிப் ஆவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், அந்த லைனை அன்றே துண்டியுங்கள். 12 வோல்ட் பக்கம் தண்ணீர் புகுந்தால் சாதாரணமாக ஆர்சிசிபி விழாது, டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு பக்கத்தையும் பிரித்துவிடும். ஆகவே விளக்கு போடும்போது ஆர்சிசிபி விழுந்தால் பல்பை மாற்றி ஏமாறாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரையும் அதற்கு வரும் 230 வோல்ட் கேபிளையும் பாருங்கள்.

ஹீட்டர். ஓசூர் பக்கத்து மார்கழிக் குளிருக்குப் பலர் வைக்கிறார்கள். எலிமெண்ட் மேல் உப்புப் படிந்து, சூடு தாங்காமல் உறை வெடித்தால் நேராகத் தண்ணீருக்குள் கசியும். ஒயர்மேனை வைத்துக் கழற்றிவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பதே எளிய சோதனை.

வேகம் மாற்றும் டிரைவ் உள்ள பம்பு. இதில் பழுது இல்லாமலே கொஞ்சம் கசிவு இருக்கும், வடிவமைப்பே அப்படி. சாதாரண ஏசி வகை ஆர்சிசிபி இதற்குச் சரிப்படாது. சிங்கிள் பேஸ் டிரைவுக்கு ஏ அல்லது எஃப் வகை, மூன்று பேஸ் டிரைவுக்கு பி வகை. பம்பு நிறுவனத்தின் கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கும், அதையே வாங்குங்கள்.

இன்னொன்று: குளோரின் டப்பா, ஆசிட் கேன் இவற்றை பேனல் இருக்கும் அறையிலேயே வைக்காதீர்கள். அந்த ஆவி பேனலுக்குள் இருக்கும் காண்டாக்டர் சுவிட்சையும் கம்பி முனையையும் அரித்துவிடும். அறையில் இடம் இல்லை என்றால் வெளியே நிழலில் ஒரு சின்ன பெட்டி செய்து வையுங்கள்.

எங்குமே பழுது இல்லை, ஆனாலும் விழுகிறது என்றால் கூட்டிப் பார்க்க வேண்டும். ஃப்ரிட்ஜ், கம்ப்யூட்டர், எல்இடி விளக்கு எல்லாமே துளித் துளியாகக் கசியும். வீட்டுக்கும் குளத்துக்கும் சேர்த்து ஒரே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டிருந்தால் ஏற்கெனவே 9, 10 மில்லி ஆம்பியர் நிரம்பியிருக்கும். பம்பு போட்டதும் எல்லை தாண்டும். குளத்துக்குத் தனி ஆர்சிசிபி, முடிந்தால் பம்புக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று. மெயினில் இன்னொன்று வேண்டுமானால் 100 மில்லி ஆம்பியர், தாமதித்து விழும் எஸ் வகை. இரண்டு 30-ஐ அடுத்தடுத்து வைத்தால் எது முதலில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

8. எம்சிபி விழுந்தால்: வோல்டேஜும் கேபிளும்

மோட்டார் முக்கிக்கொண்டே நின்று, பிறகு எம்சிபி விழுந்தால் முதலில் கெப்பாசிட்டர். அடுத்து, மெயினை அணைத்துவிட்டு மோட்டார் விசிறியைக் கையால் சுற்றச் சொல்லுங்கள், இறுகியிருந்தால் பேரிங். இரண்டும் நன்றாக இருந்தால் கேபிள் நீளத்தைப் பாருங்கள்.

தோட்டத்தில் மீட்டர் ஒரு மூலை, குளம் ஒரு மூலை. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் 100 மீட்டர் தூரம் என்றால் போக வர சுமார் ஒன்றரை ஓம். ஒரு எச்பிக்கு மேல் உள்ள பம்பு 8 ஆம்பியர் எடுக்கும்போது 12 வோல்ட் குறையும், பரவாயில்லை. ஆனால் கிளம்பும்போது அது 40 ஆம்பியர் இழுக்கும். அப்போது கணக்குப்படி 60 வோல்ட் போய்விடும். மாலையில் லைனிலேயே 200 வோல்ட்தான் வருகிறது என்றால் மோட்டாருக்குக் கிடைப்பது 140. அது எங்கே கிளம்பும்? 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் அதே இழப்பு 25 வோல்ட்டுக்குள் நிற்கும்.

மாலை 6-லிருந்து 9 மணிக்குள் மீட்டரிலும் பம்பு பேனலிலும் வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள், மோட்டார் கிளம்பும் நொடியில். மீட்டரிலேயே குறைவு என்றால் ஈபி வேலை. சர்வீஸ் எண்ணோடு மின்னகம் 94987 94987-க்குப் புகார் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டரில் சரி, பம்பில் குறைவு என்றால் நம் கேபிள். ஈபியோடு சண்டை போட்டுப் பயன் இல்லை.

எம்சிபி விழுகிறதே என்று 16-ஐ எடுத்துவிட்டு 32 ஆம்பியர் போட விடாதீர்கள். பிறகு விழுவதற்குப் பதில் கேபிள் எரியும். கிளம்பும் கரண்டுக்காக மட்டும் விழுகிறது என்றால் அதே ஆம்பியரில் சி வகை எம்சிபிக்குப் பதில், கிளம்பும் கரண்டைக் கூடுதலாகத் தாங்கும் டி வகை போடுவது பற்றி ஒயர்மேனிடம் கேட்கலாம்.

9. இந்த இரண்டு வேலையைச் செய்ய விடவே கூடாது

முதலாவது, எர்த் கம்பியைக் கழற்றுவது. கழற்றினால் ஆர்சிசிபி விழுவது நின்றுவிடும், எலக்ட்ரீஷியனும் வெற்றிச் சிரிப்போடு கூலி கேட்பார். கசிவு அப்படியேதான் இருக்கிறது. போக வழி இல்லாமல் பம்பு உடம்பிலும் ஏணியிலும் காத்திருக்கிறது, ஈரக்காலோடு யாராவது தொடும் வரை.

இரண்டாவது, பம்பு லைனை மட்டும் ஆர்சிசிபிக்கு முன்னாலிருந்து எடுத்துக் கொடுப்பது. இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். பம்பை ஓட விடுங்கள், ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அமுக்குங்கள். வீடு அணைந்து பம்பு மட்டும் ஓடினால் யாரோ கைவரிசை காட்டியிருக்கிறார்கள். விளக்கு, ஹீட்டருக்கும் இதே சோதனை. வேலை முடிந்து கூலி கொடுப்பதற்கு முன் செய்து பாருங்கள்.

30-க்குப் பதில் 100 மில்லி ஆம்பியர் போட்டுவிட்டு “இப்ப விழாதுங்க” என்பதும் கிட்டத்தட்ட இதே ரகம். 100 தீயைத் தடுக்கத்தான், ஆளைக் காப்பாற்ற அல்ல.

10. எர்த் குழி

நம் மண் பாறை மண். கிரானைட் வெட்டுகிற ஊரில் எர்த் குழிக்கு மூன்றடி தோண்டியதும் கடப்பாரை தெறிக்கும், அத்தோடு விட்டுவிடுவார்கள். கோடையில் அந்தக் குழி காய்ந்துபோய் எர்த் பேருக்குத்தான் இருக்கும். எர்த் டெஸ்டரால் அளக்கச் சொல்லுங்கள், 5 ஓமுக்குள் வந்தால் நிம்மதி. வரவில்லை என்றால் ஈரம் தங்கும் இடத்தில், தோட்டத்து வாய்க்கால் ஓரமாக, இன்னொரு குழி போட்டு இரண்டையும் இணைக்கலாம். கரி, உப்பு போட்ட பழைய குழிக்கு மாதாமாதம் தண்ணீர் ஊற்ற வேண்டும். பெண்டனைட் களிமண் நிரப்பும் கெமிக்கல் எர்த்திங்குக்கு அந்த வேலை குறைவு. பம்பு உடம்பு, ஏணி, கைப்பிடி என்று குளத்தைச் சுற்றியுள்ள உலோகம் எல்லாவற்றையும் ஒரே செம்புக் கம்பியில் கோத்து எர்த்தோடு சேர்த்திருக்கிறார்களா என்பதையும் அதோடு பார்த்துவிடுங்கள்.

11. செலவும் நாளும்

கடைக்குக் கடை மாறும், ஒரு அளவுக்குச் சொல்கிறேன். மெக்கரோடு வரும் உள்ளூர் ஒயர்மேனுக்கு அரை நாளுக்கு 600-லிருந்து 1,000 ரூபாய். கெப்பாசிட்டர் 100 முதல் 300. மெக்கானிக்கல் சீல் 300 முதல் 800. ஒரு எச்பி, ஒன்றரை எச்பி மோட்டாருக்குக் காயில் கட்ட 2,000 முதல் 3,500. வார்னிஷ் போட்டுச் சூட்டில் காய வைக்க ஓரிரு நாள் பிடிக்கும், அவசரப்படுத்தினால் ஈரத்தோடு கொடுத்துவிடுவார்கள். சாதாரண 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 1,500 முதல் 3,000, ஏ வகை கொஞ்சம் கூட, பி வகை பல மடங்கு. கெமிக்கல் எர்த்திங் 5,000-லிருந்து. குளம் கட்டிய நிறுவனத்தின் ஆள் பெங்களூரிலிருந்து வருவதானால் வருகைக் கட்டணம், வண்டிச் செலவு இரண்டையும் போனிலேயே கேட்டுவிடுங்கள். மின்பழுது என்றால் அவரும் பெரும்பாலும் காயில் கடைக்குத்தான் மோட்டாரை அனுப்புவார்.

வேலையை மழை விட்ட உடனே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வெயிலில் அழைத்தால் எல்லாம் காய்ந்து மெக்கர் அழகாகக் காட்டும், “ஒண்ணும் இல்லைங்க” என்று கிளம்பிவிடுவார்கள். வேறு வழி இல்லை என்றால் மின்சாரத்தை அணைத்து, ஜங்ஷன் பாக்ஸ் பகுதியில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி ஊற விட்டு, அதன் பிறகு அளக்கச் சொல்லலாம்.

12. ஈபி பக்கம் ஒரு எச்சரிக்கை

பில்லில் டாரிஃப் என்ன என்று பாருங்கள். தோட்டத்துக்கு உள்ள இலவச விவசாய இணைப்பிலிருந்து குளத்துப் பம்பை ஓட்டுவது நம் பக்கம் நிறைய நடக்கிறது. பிடிபட்டால் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-இன் கீழ் அனுமதியில்லாத பயன்பாடு. உரிய கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு போடுவார்கள், எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்கு. வோல்டேஜ் புகாருக்கு ஆளைக் கூப்பிடும் முன் இதைச் சரிசெய்துவிடுங்கள், வருபவர் முதலில் பார்ப்பது மீட்டரைத்தான்.

வீட்டு இணைப்பில் சிங்கிள் பேஸ் 4 கிலோவாட் வரைதான். பம்பு, ஹீட்டர், ஏசி சேர்ந்தால் அது தாண்டும். கூடுதல் மின்பளுவுக்கும் மூன்று பேஸுக்கும் மின்வாரிய இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம்; சர்வீஸ் எண், உரிமையாளர் ஆவணம், அடையாள அட்டை கையில் வைத்துக்கொள்ளுங்கள். புது ஆர்சிசிபி வாங்கிய பில்லையும் தனியே எடுத்து வையுங்கள், மின்கசிவுத் தடுப்பான் இருக்கிறதா என்று கேட்டால் காட்டலாம். கம்பம் கூடுதலாக நட வேண்டிய தூரம் என்றால் மதிப்பீடு, பணம் கட்டுவது, வேலை என்று இழுக்கும், அதனால் ஹீட்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் விண்ணப்பத்தை ஐப்பசிக்கு முன்பே போட்டுவிடுங்கள்.